நடுவில் எடுத்த ஒரு சாண்

பாரிஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மின்தூக்கியில் ஒரு கண்ணாடி உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதில் நான் கண்டது என் நெற்றிக் குங்குமத்தையும் வகிட்டையும் மட்டுமே. நாலடி எட்டங்குல உயரமுள்ள ஒருத்தியும் இதில் ஏறக்கூடும் என்று அதை மாட்டியவர் எண்ணியிருக்க மாட்டார். ஊரிலுள்ளோர்க்கு இது அற்பச் செய்தி. என்னைப் போல் அயலகத்தில் முதுமை எய்தியவர்களுக்குத் தெரியும்: மெட்ரோவின் கைப்பிடி, வங்கியின் கவுண்டர், கடையின் மேல்தட்டு என ஒரு நாடு முழுவதும் நம் தலைக்குச் சற்று மேலேயே நடந்துகொண்டிருக்கும்.

என் மகள் மலர்விழி என்னைவிட இரண்டங்குலம் கூடுதல், அவ்வளவே. அவளுடைய வருங்கால மாமியார் மதாம் கிளேர் அவளுக்கொரு கவுன் பரிசளித்தார். பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் ஃபேஷன் ஷோ மேடையில் உலா வந்த உடை. புதுச்சேரியில் நடக்கவிருந்த திருமண வரவேற்பில் மலர் அதை உடுத்தி நடந்து வர வேண்டுமென்பது அவர் ஆசை. மகளின் ஆசையும் அதுவே. அந்த மேடைக் காட்சியைக் கைபேசியில் எனக்குக் காட்டினாள். படம் காலணியில் தொடங்கி மெல்ல மேலேறி முகத்தில் நின்றது. அன்றாடம் பெருமாளைத் திருவடி முதல் திருமுடி வரை பாடிப் பழகிய என் மனம், நாணமின்றி அந்த வரிசையிலேயே கண்ணை உயர்த்திச் சென்றது. முடியைச் சேர நேரமாயிற்று. அத்தனை நெடியவள் அந்தப் பெண்.

கடையில் மலர் உடுத்திப் பார்த்தபோது, இடுப்புக்கென வெட்டியது தொடையிலும், முழங்காலில் விரிய வேண்டியது கணுக்காலிலும் வந்து நின்றன. உயரமான குதிகால் செருப்பு அணிந்தால் போதும் என்றார் விற்பனைப் பெண். மிச்சத்தை இடுப்பில் மடித்துச் செருகலாமே என்று சொல்ல வந்தேன். பதற்றத்தில் பிரெஞ்சு வரவில்லை. என் கோட்டை வயிற்றோடு சேர்த்து மடித்து அழுத்திக் காட்டினேன். எனக்கு வயிற்றுவலி என்றெண்ணி அவர் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் என் தம்பி வீட்டுக்கு வந்து இறங்கிய பின்னும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கூடத்தில் மலர் ஐந்தங்குலக் குதிகால் செருப்போடு நடந்து பழகினாள். இருமுறை கவுன் தடுக்கி விழுந்தாள். குதிகாலின் தோல் உரிந்திருந்தது. காலையில் பாசுரம் சொல்ல அமர்ந்தால், அடுத்த அடி நினைவுக்கு வருமுன் அவள் விழும் ஓசைக்குக் காது காத்திருந்தது. நூறு பேர் முன்னிலையில், இரு குடும்பத்தார் பார்க்க, அவள் விழுந்துவிட்டால்?

வரவேற்புக்கு மூன்று நாள் இருக்கையில், பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் யூசுப் பாயிடம் போனோம். அவர் கவுனைத் தன் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அப்போதும் அதன் கரை தரையில் கிடந்தது.

"இது ஆளுக்குத் தெச்சதா, கரண்டு கம்பத்துக்குத் தெச்சதாம்மா?"

மலர் சிரித்துவிட்டாள். "கீழ வெட்டிடுங்க பாய்."

"கீழயா? மணி வேலையெல்லாம் அங்கதான கெடக்கு. அத வெட்டிட்டா அப்புறம் வெறும் நைட்டிதான். முட்டி எடமும் எறங்கியே நிக்கும், திரும்பத் தடுக்கும். நடுவுல ஒரு சாண் எடுத்துட்டு மேலயும் கீழயும் சேத்துடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுமியாக வீராம்பட்டினத்தில் நான் கண்ட அம்மன் உலா கண்முன் நின்றது. முழ உயர உற்சவத் திருமேனிக்கு முழுப் பட்டுப்புடவையைக் கத்தரி படாமல் கொசுவிக் கொசுவி உடுத்தியிருப்பார்கள். புடவை பெரிதென்று எவரும் சொன்னதில்லை. அம்மன் சிறியவள் என்றும் சொன்னதில்லை.

"வெட்டாதீங்க பாய். உள்ள மடிச்சுத் தெச்சுடுங்க. அம்மனுக்குப் பொடவைய வெட்டியா கட்டறாங்க?"

"அம்மன தூக்கிட்டுப் போறாங்கம்மா," என்றாள் மலர். "நான் நடக்கணும்."

பாய் கத்தரியைத் தொடாமல் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லாம கை வெக்க மாட்டேன்."

அவள் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தேன். திருவடியை இத்தனை பாடியும், அடி நடப்பதற்கு என்ற இந்த ஒன்று எனக்குத் தோன்றவில்லையே.

"வெட்டுங்க பாய்."

சனிக்கிழமை வரவேற்பில் அவள் தட்டையான செருப்பணிந்து, மணிகள் தரையைத் தொட்டும் தொடாமலும் அசைய, மண்டபத்தின் கோடியிலிருந்து மறுகோடி வரை வேகமாகவே நடந்து வந்தாள். மதாம் கிளேர் கண்கலங்கி என் கையைப் பற்றினார். மேடையில் பார்த்த அதே உடை, ஒன்றுமே மாறவில்லை என்றார். "உய்," என்று பிரெஞ்சில் ஆமோதித்தேன்.

எடுத்த துணியைப் பாய் என்னிடமே கொடுத்திருந்தார். மேலும் கீழும் திறந்த ஒரு வளையம். கழுத்தும் இல்லை, கரையும் இல்லை. பாரிஸ் திரும்பும் நாளில் அதைத் தம்பி வீட்டு அலமாரியில் வைத்தேன். எடுத்துப் பெட்டியில் வைத்தேன். இங்கேயா அங்கேயா என்று மறுபடி எடுத்தேன். கவுனில் அது இருந்த இடத்தைத் தேடினால் விரலுக்குத் தையல்கூடத் தட்டுப்படாது. மேலும் கீழும் அவ்வளவு நன்றாகச் சேர்ந்துவிட்டன. வாசலில் கார் ஒலியெழுப்பியது. பெட்டியை மூட இரு கையும் வேண்டியிருந்ததால், அந்த வளையத்தை என் முன்கையில் மாட்டிக்கொண்டேன்.