பூட்டிய வீட்டுக்கும் ஒரு பத்திரிகை

சிலிண்டர் போடுகிற புதுப் பையன் போன வாரம் வழி தெரியாமல் தெருப்பக்கம் நின்று குரல் கொடுத்தான். சந்து வழியாகச் சுற்றிப் போனேன். என் வீட்டு வாசல் கதவின் வளையத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருந்தது. கதவு நிலையில் காய்ந்து போன குங்குமப் பொட்டு.

சிலிண்டர் பையனை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்... ஏன் என்று சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் ராஜவீதிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. கல்யாணம் என்றால் ஒரு வீடு விடாமல் அழைக்க வேண்டும். ஆள் இல்லாத வீடா? பத்திரிகையை வளையத்தில் செருகி, நிலையில் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இப்போது பாதித் தெரு அப்படித்தான். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும். போன வருடத்துப் பத்திரிகைகள் வெளுத்துத் தொங்கும். நானே எத்தனையோ செருகியிருக்கிறேன்.

ஆனால் நாங்கள் உள்ளேதானே இருக்கிறோம்?

எதிர் வீட்டை இடித்து லாட்ஜ் கட்டுகிறார்கள். தூசி தாங்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு, நானும் மனைவியும் மாதக்கணக்கில் சந்துக் கதவில்தான் புழங்குகிறோம்.

பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். தெருக்கோடி அரிசிக்கடை முருகேசன் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முந்தின நாளே முடிந்திருந்தது. நாங்கள் தூக்கி வளர்த்த பெண். அழுகையே வந்துவிட்டது எனக்கு.

நேரே கடைக்குப் போனேன். "என்னப்பா முருகேசு, ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா?"

முருகேசன் எழுந்தே விட்டார். "அண்ணே, நீங்க மக வீட்டோட மெட்ராஸ் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சோம். கதவெல்லாம் தூசி அடைஞ்சு கெடந்துச்சு. விட்டுட்டுப் போகவும் மனசு வரலை... அதான் பொட்டு வச்சுட்டு வந்தேன். புள்ளைகூட மண்டபத்துல ஒங்களக் கேட்டுச்சு. இல்லம்மா, போயிட்டாங்கன்னு நாந்தான் சொன்னேன்."

அவர் மேல் என்ன தப்பு? மகள்தான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் தெரு முடிவு பண்ணிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொட்டத் தொடச்சுட்டு, கதவத் தெறந்து வைங்க" என்றாள். திறந்தேன். கீல் இறுகிப் போயிருந்தது. இருவரும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். "என்னப்பா ஒரே சத்தம்? கதவச் சாத்துங்கப்பா, தூசி ஒங்களுக்கு ஆகாதுல்ல?"

ஆகாதுதான். இருமிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்... கதவு திறந்திருக்கிறது.