மைனஸுக்கு இடமில்லை

திரையின் ஓரத்தில் அந்த எண் வந்து நின்ற கணம் இன்றும் மறக்கவில்லை. அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம். சதுரங்கத்தில் ஒரு சிப்பாய்க்கு நூறு மதிப்பு, ராணிக்கே தொள்ளாயிரம்தான். மச்சான் எழுதிய செஸ் நிரலோ, தான் அறுபத்தைந்தாயிரம் முன்னிலையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பலகையில் பார்த்தால் ஒரு சிப்பாய் குறைவு.

மச்சான் என் அக்காவின் கணவர். எங்கள் ஊர் பெக்கான் நானாஸிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடல் மேல் எல்லையைக் கடக்கும் இரண்டாம் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டினார். பாலத்தில் இரு பக்கமும் கண்டெய்னர் லாரிகள். அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். அங்கே போய்ச் சேர்ந்ததும் "ஓகே லா" என்று செய்தி அனுப்புவார். மழையிலும் அதேதான். அக்கா அதை நம்பியதில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு விழித்தே இருப்பாள். பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஸ்கூடாயில் சிறுவர்களுக்குச் சதுரங்கச் செயலி செய்யும் சின்ன நிறுவனம் ஒன்று அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, எங்களுக்கு வேலையை விடப் பாலம்தான் பெரிதாகத் தெரிந்தது. இது கிடைத்தால் பாலம் கிடையாது.

நான்தான் காரில் அழைத்துப்போனேன். நேர்முகத்தில் அவர்களுடைய நிரலோடு இவருடையது மோத வேண்டும். முதல் நாள்தான் மச்சான் ஒரு மாற்றம் செய்திருந்தார். ஒருமுறை ஆராய்ந்த நிலையை மறுபடி ஆராயாமலிருக்க, அதன் மதிப்பை நினைவில் எழுதிவைக்கும் ஏற்பாடு. அந்த நினைவுக்கு 'அன்சைன்ட்' எண்ணைத் தேர்ந்தெடுத்தார். அதில் மைனஸ் கிடையாது. அதே இடத்தில் இரண்டு மடங்கு பெரிய எண் கொள்ளும். "ஞாபகத்துல எதுக்கு மைனஸ்?" என்று சிரித்தார். ஆனால் மைனஸ் நூறை அதில் போட்டால் அது அழிவதில்லை, தலைகீழாகப் புரண்டு பிரம்மாண்டமான பிளஸ் ஆகிவிடுகிறது.

"மச்சான், நம்பர் சரியில்ல," என்று அவர் காதில் சொன்னேன்.

"நல்லாத்தான் போவுது. பயப்படாத லா."

அடுத்த நகர்த்தலில் நிரல் தன் ராணியைத் தூக்கி எதிரியின் குதிரைக்குக் கொடுத்தது. நிறுவனத்தின் சார்பில் எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணி மலாயில் மெதுவாகக் கேட்டார், தோற்பதற்கு இது ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறது என்று. கேலி இல்லை, உண்மையாகவே அறியக் கேட்டார். மச்சான் நிரலைத் திறந்து தேடினார். கண்டுபிடித்து, அந்த ஓர் இடத்தில் மைனஸும் கொள்ளும் 'சைன்ட்' என்று மாற்றி, ராணியைக் கொடுப்பதற்கு முந்தைய நிலையிலிருந்து ஓட்டினார். எண் மைனஸ் நூறுக்கு இறங்கியது. ராணி பின்வாங்கி ராஜாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. மச்சான் மட்டும் அந்த மைனஸ் நூறையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மச்சான் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"போன வாரம் பாலத்துல ஒரு லாரி என் ஹேண்டில உரசிட்டுப் போச்சு. விழல. கீறலப் பாத்த ஒங்க அக்காகிட்ட வேலியில இடிச்சிட்டேன்னு சொன்னேன். அதுலேர்ந்து டெய்லி பயந்துகிட்டேதான் போறேன்."

அதைக் கேட்டதும் காரை ஓரம் கட்டினேன். அத்தனை நாள் அக்கா பயந்தது வீண் பயமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போனதும் அவளிடமும் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை. காயம் இருக்கிறதா என்று அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அந்த வேலை கிடைக்கவில்லை. மச்சான் இன்னமும் பாலம் தாண்டித்தான் போகிறார். மழை நாளில் விடியற்காலை அக்காவின் கைப்பேசிக்கு இப்போது வருகிற செய்தி வேறு: "மழ கொட்டுது. லாரி நெறைய. பயமா இருக்கு, பாலத்துக்கு முன்னாடியே நின்னுட்டேன்."

இதை அக்கா நம்புகிறாள். படித்துவிட்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள்.