அருவியில் நின்ற அக்கா

நல்லெண்ணெய் வாசனையும் காயாத துண்டின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்தச் சாரல் காலம் முழுக்க எங்கள் தென்காசி வீடு அந்த வாசனையோடுதான் விடியும். அக்கா கோமுவின் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, மொபெட்டில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே அவளை உட்காரவைத்து, நான் பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, பள்ளிக்கூடம் தொடங்குமுன் குற்றாலம் போய்வருவோம்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவாள். சின்னக் கண்கள், தட்டை மூக்கு, யாரைக் கண்டாலும் ஒரு சிரிப்பு. பேச்சு இரண்டொரு சொல்லோடு நின்றுவிடும். வீட்டில் அவளை 'மெதுவான பிள்ளை' என்பார்கள். தெருவில் சொன்னது வேறு, அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. கல்யாண வீடானாலும் கோயில் கொடையானாலும் அப்பா என்னை மட்டும்தான் கூட்டிப்போவார். அவருக்கு அவள்மேல் பாசமில்லை என்று சொல்ல மாட்டேன், நாலு பேர் பார்க்கிற பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அப்படிப்பட்டவருக்குத் தெருமுனை எண்ணெய்க்கடை அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். புத்தி பேதலித்தவர்களுக்கு எண்ணெய் வைத்துக் குற்றால அருவியில் நிறுத்துவது அப்போது வழக்கமாக இருந்தது. "ஆனியும் ஆடியும் பிள்ளைய அருவியில நிப்பாட்டுங்க. தண்ணி விழ விழ மூளை தெளிஞ்சிரும்" என்றார். அண்ணாச்சி நல்ல மனிதர், எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சிறுபிள்ளைபோல இருந்ததால் அப்பா அவளை ஆண்கள் பக்கமே அழைத்துப்போவார். மொட்டைத்தலையில் எண்ணெய் மினுங்க, கைகளைக் கயிற்றால் கட்டிக் கூட்டிவரப்பட்ட ஆட்களும் அங்கே நிற்பார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே நடுக்கம், அக்காவோ அவர்களைப் பார்த்தும் சிரிப்பாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவார். தண்ணீர் அவள் தலையிலும் பிடரியிலும் மொத்தென்று விழும், அவள் தலை முன்னால் மடங்கும். துண்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு அந்த இரைச்சலில் அவள் அழுதாலும் கேட்காதே என்ற பயம். வெளியே வரும்போது உதடு நீலமாக இருக்கும். ஆனால் சிரித்துக்கொண்டேதான் வருவாள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவள் என்பதுதான் என் பயத்தை இன்னும் கூட்டியது.

ஆடி பிறந்தபோது அவள் வலது கால் செருப்பு நடக்க நடக்கக் கழன்று விழ ஆரம்பித்தது. பிறகு காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. அப்பாவுக்கு அதிலும் சந்தோஷம். "நரம்பு எளகுது, அப்படித்தான் இருக்கும்னு அண்ணாச்சி சொன்னாங்கல்லா" என்றார். அக்கா தேறிக்கொண்டிருக்கிறாள் என்று வீடே நம்பியபோது, அவள் செத்துப்போகப்போகிறாள் என்று நான் மட்டும் நம்பினேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த நினைப்பு வந்துவிடும்.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்தபோது, அக்கா வாசற்படியில் விழுந்து, மூத்திரத்தில் பாவாடை நனைந்தது தெரியாமல் கிடந்தாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். கழுத்திலோ தலையிலோ அடி பட்டதா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை என்றே அம்மா சொன்னாள். அருவித் தண்ணீரை அவள் அடியாக நினைக்கவே இல்லை. நான் சொல்லிவிட்டேன்.

"தெனமும் அருவியில நிக்கா, சார்."

டாக்டர் எழுந்து வந்து அக்காவின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அவர் வாயிலிருந்துதான் டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரை முதன்முதலில் கேட்டோம். பிறவியிலேயே குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்தவள், இது நோயல்ல, தெளிய வைக்கிற காரியமும் அல்ல என்றார். இவர்களில் சிலருக்குக் கழுத்து எலும்பைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்வாக இருக்குமாம். பலமாக ஏதாவது விழுந்தால் எலும்பு விலகித் தண்டுவடத்தை அழுத்திவிடுமாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றும் சொன்னார். பயந்தது நடக்காமல் போனால் நிம்மதி வரவேண்டும்; நானோ அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அக்கா பிழைத்தாள், வலது கால் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அப்பா அதன்பிறகு அவளைத் தொடவே பயந்தார். சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு விலகிப்போய் உட்கார்ந்துகொள்வார். "நானே கொல்லப் பாத்தேன்" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சாகும்வரை அந்த நினைப்பு அவரை விடவில்லை.

இப்போது குற்றாலத்தில் கயிறு கட்டி அழைத்துவரும் ஆட்களைக் காணோம். அண்ணாச்சியின் கடை செல்போன் கடையாகிவிட்டது. அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டாள். நாற்பது கடந்த அக்கா என்னோடு இருக்கிறாள். ஆய்க்குடிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்கு வேனில் போய்வருகிறாள். அங்கே போகத் தொடங்கியபிறகு பேச்சும் கொஞ்சம் கூடியிருக்கிறது. படியில் அவள் கால் இடறினால் இன்னமும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

போன வருஷம் சாரல் விழ ஆரம்பித்த அன்று செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கே புறப்பாடு என்று கேட்டேன்.

"அருவிக்கு. அப்பா வருவாவ. கைய புடிச்சுக்கிடுவாவ" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்தக் காலத்திலிருந்து அவளுக்கு ஞாபகம் இருப்பது அப்பா கையைப் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். அப்பா இருந்தவரை அதைச் சொல்ல அவளுக்குப் பேச்சு வரவில்லை.