கம்ப்யூட்டருக்குத் தைத்த கோட்டு

குஷன்காரர் கையில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கொடுத்துவிட்டால் போதும், உலகத்தில் எதை வேண்டுமானாலும் சரி செய்துவிடுவார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கால் தரையைக் கீறினால் ஸ்பாஞ்சு. கதவு காற்றில் அடித்தால் ஸ்பாஞ்சு. குளியலறைக் குழாய் சொட்டும் சத்தம் தூக்கத்தைக் கெடுத்தபோது அவர் குழாயைத் தொடவே இல்லை, கீழே இருந்த வாளிக்குள் ஒரு கனமான ஸ்பாஞ்சைப் போட்டார். தண்ணீர் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் நின்றது. சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்தது என்பது அவர் கட்சி.

சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிற தொழில். கை நல்ல கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். வாலிபத்தில் ஒரு காண்டிராக்டரோடு போய் ஒரு சினிமா தியேட்டர் சுவருக்கு ஸ்பாஞ்சும் துணியும் அடித்திருக்கிறார். அந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டே மீதி ஆயுசையும் ஓட்டிவிட்டார். பக்கத்து வீட்டில் பிள்ளை அழுதாலும், தெருவில் லாரி போனாலும், "தியேட்டர் சுவருக்கே ஸ்பாஞ்சு அடிச்சவன் நான். சத்தம்னா என்னன்னு எனக்கா சொல்லித் தர்றே?" என்பார். யாரும் சொல்லித் தர வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

இவர் மனைவி தையல்காரி. முன்னறையில் பாதியை அவளுடைய வெட்டு மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. அவளிடம் ஒரு பெரிய கத்தரிக்கோல் உண்டு. துணியைத் தவிர வேறு எதையும் அது தொடக் கூடாது, காகிதம்கூட. ஒருமுறை குஷன்காரர் அதை எடுத்து அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு பல நாள் அந்த வீட்டில் சாப்பாடு மேஜைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

வெட்டு மேஜைக்குக் கீழேதான் கம்ப்யூட்டர் பெட்டி. மச்சான் கொடுத்தது. மனைவியின் தம்பி, ஆபீஸ்காரர், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்கும் போகிறவர். ஆபீஸில் பழசைத் தூக்கிப் போட்டபோது ஒன்றைக் கொண்டுவந்து, ஏதோ யானையைப் பரிசளிக்கிற மாதிரி அக்கா வீட்டில் இறக்கினார். யானையும் வந்த நாளிலிருந்து பிளிறிக்கொண்டுதான் இருந்தது.

மனைவி அதில் தையல் வீடியோக்கள் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து அவள் கை நுணுக்கம் கூடியது. குஷன்காரர் பார்ப்பது மல்யுத்தம். ஒன்றைப் பாதி பார்ப்பார், அதை மூடாமலே இன்னொன்றைத் திறப்பார். திரையின் மேல்வரிசை முழுக்க அவர் திறந்துவைத்த பக்கங்கள் நசுங்கிக் கிடக்கும். மூடினால் தொலைந்துவிடும் என்று பயம். எங்கே தொலையும் என்று கேட்டால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் தையல் பள்ளியிலிருந்து மனைவிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்த ஆள் தேவை. மேஜைக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டு, வெட்டுகிற கை தெரிய, பேசிக்கொண்டே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மாதிரி வகுப்பு. பள்ளி மேடம் பார்ப்பார். பிடித்தால் வேலை. ஊர்ச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்தே தேய்ந்துபோன பெண்பிள்ளைக்கு, "டீச்சர்" என்று நாலு பேர் கூப்பிடுவார்கள் என்பதே நெஞ்சை நிறைத்துவிட்டது. வெளியே காட்டவில்லை, பாத்திரம் கழுவும்போது மட்டும் முணுமுணுவென்று பாடம் நடத்தினாள்.

பழகிப் பார்க்கலாம் என்று பழைய தோழி ஒருத்தியைத் திரையில் கூப்பிட்டாள். காலர் வெட்டைப் பாதி சொல்லியிருப்பாள், தோழி கத்தினாள்.

"அடியே, உன் வீட்ல மாவு மில்லு ஏதாவது ஓடுதா? ஒண்ணும் கேக்கலடி! படம் வேற அப்படியே நின்னுபோச்சு. வாயத் தொறந்தபடி நிக்கிற, பார்க்க சகிக்கல!"

மனைவி முகம் சுண்டிப்போனது. தம்பியைக் கூப்பிட்டாள்.

மச்சான் வந்தார், உட்கார்ந்தார், விரலை நெட்டி முறித்தார்.

"வைரஸ்க்கா. உள்ள பூந்துடுச்சு."

"அதான் கொர்ர்னு கத்துதா?" என்று குஷன்காரர் கேட்டார்.

"மாமா, இதெல்லாம் டெக்னிக்கல். உங்களுக்குச் சொன்னா புரியாது."

"நீ சொல்லிப் பாரு, புரியுதா இல்லையான்னு நான் சொல்றேன்."

மச்சான் சொல்லவில்லை. அவருக்கே புரிந்தால்தானே சொல்வதற்கு. வைரஸைப் பிடிக்கிற காவல்காரன் என்று ஒன்றைப் போட்டார். அது போதாது என்று இரண்டாவது, அதற்கும் மேலே பாதுகாப்பாக மூன்றாவது. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு பக்கத்தைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மனைவி ஒரு கால்சட்டைக்கு ஓரம் அடித்து முடித்தாள்.

அடுத்து ரிப்பேர் கடைக்காரர். வீட்டுக்கு வந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "மதர்போர்டு போற நேரம்மா. புதுசு எடுத்துடுங்க. என்கிட்டயே இருக்கு." அவரிடமே இருக்கும், தெரிந்ததுதான். செத்துப்போகும் என்று சொல்லிவிட்டுச் சவப்பெட்டி விற்கிற வைத்தியம்.

குஷன்காரருக்கு இப்போதுதான் மனம் குளிர்ந்தது. படித்தவன் தோற்றுவிட்டான், கடைக்காரனும் தோற்றுவிட்டான். இனி அவருடைய ராஜ்ஜியம்.

"நோய் என்ன? சத்தம். சத்தத்துக்கு மருந்து யார்கிட்ட இருக்கு?" என்று நெஞ்சைத் தட்டினார். "தியேட்டர் சுவருக்கே..."

"தெரியும், தெரியும்," என்றாள் மனைவி.

பட்டறையிலிருந்து பழைய ஸ்பாஞ்சு வெட்டுத் துண்டுகளும் பழுப்பு ரெக்ஸினும் கொண்டுவந்தார். அளவெடுத்தார். மாப்பிள்ளைக்குக் கோட்டு தைக்கிற மாதிரி தைத்தார். ஓரமெல்லாம் உருட்டு மடிப்பு, பக்கத்தில் ஜிப்பு, முன்னால் பட்டனை அழுத்த ஒரு வட்ட ஓட்டை, ஒயர் போகப் பின்னால் ஒரு கீறல். பெட்டியின் முதுகில் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருந்தன. குனிந்து பார்த்து, "சத்தம் வர்ற வழி இதுதான்" என்று கண்டுபிடித்து, அங்கே இரட்டை ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார். அந்த ஓட்டையை வைத்தவன் எதற்காக வைத்தான் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிப்பது மச்சான் மாதிரி வேலையற்றவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் எண்ணம்.

முதல் நாள் சத்தம் அடங்கியது. குஷன்காரர் தெருவில் இறங்கி நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் உள்ளேயிருந்து முனகல். இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்சு வைத்து, ஜிப்பின் மேலேயே தைத்து மூடினார். வீட்டுப் பூனை எங்கிருந்தோ வந்து அந்தக் கோட்டின் மேல் ஏறிப் படுத்தது. பிறகு அது அந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை.

"பார்த்தியா, பூனைக்குக்கூட என் வேலை பிடிச்சிருக்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி நல்ல சேலை கட்டி, மேஜையைத் துடைத்து, சுண்ணக்கட்டி, டேப்பு, கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக வைத்தாள். மச்சானும் வந்திருந்தார், "டெக்னிக்கல் சப்போர்ட்" என்று. சோபாவில் சாய்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் சப்போர்ட்.

திரையில் மேடம் வந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்க்கிற வகை.

"ஆரம்பிங்க."

மனைவி துணியை விரித்தாள். கழுத்து அளவைச் சொன்னாள், சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். குரல் நடுங்காமல்தான் வந்தது. கீழே முனகல் உறுமலாகி, உறுமல் அலறலாயிற்று. மேடம் காதில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார், திறந்தபடியே நின்றார். படம் நின்றுவிட்டது. அப்புறம் திரையே கறுத்துப்போனது. வீடு அமைதியாயிற்று. குஷன்காரர் ஆசைப்பட்ட அமைதி.

மனைவி போனை எடுத்தாள். "மேடம், கம்ப்யூட்டர் அணைஞ்சுபோச்சு. கொஞ்ச நேரம் கொடுத்தீங்கன்னா..."

"அடுத்து ஒருத்தங்க காத்திருக்காங்கம்மா. அவங்க முடிக்கட்டும், அப்புறம் வாங்க. அப்பவும் இப்படின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

போனை வைத்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது, விழவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், வைரஸ்னு," என்றார் மச்சான்.

"ஸ்பாஞ்சு பத்தல," என்றார் குஷன்காரர். "பட்டறைக்குப் போய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தா..."

அவள் இருவரையும் பார்த்த பார்வையில் மச்சான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தாள். பூனையைத் தூக்கினாள். தூக்கியவள் நின்றாள். பூனையின் வயிறு சுடச்சுட இருந்தது. கையைக் கோட்டின் மேல் வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள்.

"இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது! குளிர் காயத்தான் பூனை இங்கயே கிடந்திருக்கு. நீங்க என்னடான்னா அது உங்க தையலை ரசிக்குதுன்னீங்க!"

"அது வந்து..."

"உள்ள ஒரு ஃபேன் சுத்துதுங்க. எதுக்குச் சுத்துது? காத்துக்கு. நீங்க மூக்கையும் வாயையும் பொத்தி மேல கோட்டும் போட்டா, அது கத்தாம என்ன செய்யும்?"

பிளக்கைப் பிடுங்கினாள். ஜிப்பைத் தேடினாள். ஜிப்பு இரண்டாம் அடுக்குக்குள் புதைந்து கிடந்தது. குஷன்காரரின் கத்தி பட்டறையில். சமையலறைக் கத்தி அந்த ரெக்ஸினில் ஏறவே இல்லை. அந்த உறுதிக்கும் அவர்தான் பொறுப்பு.

மனைவி எழுந்தாள். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். எடுத்தாள்.

"ஏய், அதுலயா? வேணாம்," என்றார் குஷன்காரர். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

கத்தரிக்கோல் நறநறவென்று ரெக்ஸினில் இறங்கியது. உருட்டு மடிப்பு பிளந்தது, ஜிப்பு தொங்கியது, பழைய ஸ்பாஞ்சு பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் குஷன்காரர் பல்லைக் கடித்தார். தன் தையலுக்காகவா, அவள் கத்தரிக்கோலுக்காகவா என்று அவருக்கே விளங்கவில்லை.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே ஃபேனைச் சுற்றி வருஷக்கணக்கான தூசி, அதன் மேல் இவர் ஸ்பாஞ்சின் மஞ்சள் பொடி. தையல் மெஷினில் பஞ்சு எடுக்கிற பிரஷ்ஷைக் கொண்டுவந்து, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தூசியைத் தட்டி எடுத்தாள். இத்தனை நாளாக இதற்கு வைரஸ் என்றும் மதர்போர்டு என்றும் பேர் வைத்திருந்தார்கள், பெரிய மனுஷர்கள்.

சூடு ஆறியதும் மறுபடி போட்டாள். ஃபேன் சரசரவென்று சுற்றியது, அவ்வளவுதான் சத்தம். ஆனால் ஆமை வேகம் போகவில்லை.

"டேய், நீ போட்டியே காவல்காரனுங்க, அதுல ரெண்டைத் தூக்கு."

"அக்கா, பாதுகாப்பு..."

"ஒரு வீட்ல மூணு மாமியார் இருந்தா மருமக எப்படிடா வேலை செய்வா? தூக்கு!"

மச்சான் தூக்கினார். அவள் மேல்வரிசையில் நசுங்கிக் கிடந்த மல்யுத்தங்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"அது நான் பாதிதான் பார்த்தேன்," என்றார் குஷன்காரர், மெதுவாக.

"யார் ஜெயிச்சான்னு அப்புறம் சொல்றேன். நகருங்க."

மேடம் மறுபடி வந்தார். தகடு திறந்த பெட்டி ஒழுங்காக ஓடியது, படம் நிற்கவில்லை. ஆனால் கத்தரிக்கோல் முனை மழுங்கிவிட்டது. துணி ஓரிடத்தில் மடங்கிச் சிக்கியது. அவள் கை நின்றது. பிறகு, "கத்தரி மழுங்கினா துணி இப்படித்தான் கடிபடும். அப்ப இழுக்காதீங்க, முனையை விட்டுட்டு அடிப்பாகத்தால வெட்டுங்க," என்று அதையே பாடமாக்கி, காலரை முடித்தாள். மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வரச் சொன்னார்.

மறுநாள் குஷன்காரர் யாரும் சொல்லாமலே கத்தரிக்கோலைச் சாணைக்குக் கொடுத்துத் தீட்டி வாங்கிவந்து, மேஜையில் அது இருந்த இடத்திலேயே வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாதது. ஆனால் பட்டறையில் வாய் வழக்கம்போல் வேலை செய்தது. "கம்ப்யூட்டருக்கு முக்கியமா வேண்டியது காத்து. நான்தான் கண்டுபிடிச்சு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சேன்," என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களும் ஸ்பாஞ்சுக்காரர்கள்தானே.

முதல் வகுப்பு. திரை நிறைய முகங்கள். மனைவி கத்தரிக்கோலைக் கேமராவுக்குக் காட்டினாள்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இதால துணியைத் தவிர வேற எதையும் வெட்டக் கூடாது. வீட்ல யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது."

பின்னாலிருந்து கனைப்புச் சத்தம் ஒன்று கேட்டது. திரையில் ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள்.

"டீச்சர், உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ சத்தம் வருது."

"கம்ப்யூட்டர் இல்லம்மா, அதைச் சரி பண்ணியாச்சு," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "அது எங்க வீட்டுக்காரர். அதை ஒண்ணும் பண்ண முடியாது."