சித்தியின் இடது பக்கம்

யூனிவர்சிற்றியில் கியூபிச ஓவியங்களைப் பற்றி மூன்று வகுப்புத்தான் முடிந்திருந்தது. அதற்குள் எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஒரே முகத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒன்றாகப் பார்க்கலாம். மூக்கு ஒரு திசை, கண் வேறு திசை. போட்டோ என்பது பாதிப் பொய் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் சித்தியின் ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. கொண்டாட்டம் நடக்கிற ஹோல் வாசலில் அவரவரின் பெரிய படம் ஒன்று வைத்து, வருகிறவர்கள் அதிலேயே வாழ்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கட ஆக்களின் வழக்கம். அந்தப் படத்தை நான் கீறித் தருகிறேன் என்றேன்.

"வடிவாக் கீறு பிள்ளை," என்று மட்டும் சித்தி சொன்னா.

சில வருடங்களுக்கு முன் அவவுக்கு முகவாதம் வந்தது. இடது கண்ணும் வாயோரமும் கொஞ்சம் இறங்கினபடியே நின்றுவிட்டன. பிறகு எந்தப் போட்டோவிலும் வலது பக்கம்தான் திருப்புவா. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கீறினேன். எல்லாப் பக்கமும் சேர்ந்தால்தானே முழு மனுசி? வலது கன்னத்தைப் பக்கவாட்டில் வைத்து, அதோடு ஒட்டி இறங்கின கண்ணையும் வாயையும் நேரே பார்க்கிற மாதிரிப் போட்டேன். சரியாக வந்துவிட்டது என்று துள்ளினேன்.

ஹோலில் படத்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் சித்தி கனநேரம் பார்த்தா. நான் விளக்கத் தொடங்கிவிட்டேன்.

"ஓம், விளங்குது," என்றா. "இவ்வளவு நாளும் என்னைப் பாக்கேக்க இதைத்தான் பாத்தனியோ?"

அதற்குள் பின்னால் வந்த மாமா, "என்னடி உது, சித்தியைக் கண்ணாடியோட சேத்துப் போட்டு உடைச்சுப்போட்டியோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தா, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

பிறகு அவ அந்த இடத்தை விட்டு அசையவில்லை. படத்தில் இறங்கின கண்ணும் வாயும் இருந்த பாதியை மறைத்துக்கொண்டு நின்றா. சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. ஆக்கள் அவவைச் சுற்றி எட்டி எட்டி எழுதினார்கள். நான் ரோல்ஸ் தட்டோடு போனேன்.

"வை, பிறகு சாப்பிடுறன்," என்றா, என்னைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காரிலிருந்து இறக்கும்போதுதான் பார்த்தேன். வாழ்த்துகள் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு கிடந்தன. அவ மறைத்து நின்ற பாதியில் ஒருவருடைய பேரும் இல்லை, கீழ் மூலையில் நான் பெருமையாகப் போட்ட என்ர கையெழுத்தைத் தவிர.