இன்ஜெக்டருக்கு ஊர் எதற்கு?

காலையில் நம்ம மாவட்டத்துக் கார் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சந்தேகம் கேட்டேன்.

காருக்கு டர்போ மாட்டியிருக்கிறேன். எஞ்சினுக்குள் காற்று கூடுதலாகப் போகிறது, பெட்ரோல் போதவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எந்த அளவில் மாற்றலாம்? சிறிதாக இருந்தால் எஞ்சின் வெந்துவிடும். ரொம்பப் பெரிதானால் சிக்னலில் நிற்கும்போதே ஆஃப் ஆகிவிடும்.

முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார்.

"எந்தூரு மக்கா?"

"மயிலாடி."

"மயிலாடியில எங்க?"

"சர்ச்சுக்குப் பின்னால."

"யாருக்க மவன்?"

எஞ்சினைக் காப்பாற்றும் ஆசையில் அதையும் சொன்னேன்.

"லேய், உங்கப்பன் எனக்க கூட மஸ்கட்டுல ஒரே ரூம்ல கெடந்தவன்லா!"

அதன்பிறகு குரூப்பே குதூகலமாகிவிட்டது. ஒருவர் அம்மாவின் ஊரைக் கேட்டார். இன்னொருவர் எனக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார்.

மதியம் மஸ்கட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏலே, எனக்க வண்டியில என்னத்தல நோண்டி வச்சிருக்க?"

"சும்மா சர்வீஸ்தாம்ப்பா."

"சர்வீஸுக்கு டர்போ எதுக்குல? நான் லீவுக்கு வரும்போ வண்டி ஓடணும், கேட்டியா?"

இன்ஜெக்டர் அளவைச் சொல்வதற்கு முன் எத்தனை சிலிண்டர், எவ்வளவு பவர் வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும்? இந்த நிமிடம் வரை அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே இங்கே கேட்கிறேன். ஊர் மயிலாடி, வீடு சர்ச்சுக்குப் பின்னால், கல்யாணம் ஆகவில்லை, அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

இனியாவது யாராவது இன்ஜெக்டரைப் பற்றிப் பேசுங்கள்.