புரட்டாசியில் பிடித்து விட்ட மீன்

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் நானாகத் தூண்டில் போட்டுப் பிடித்த முதல் உருப்படி, மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் நைட்டி. முள் தோள்பட்டையில் ஏறிவிட்டது. இழுத்தேன், கிளிப்போடு வந்தது. மீனாக இருந்திருந்தால் நல்ல பிடி என்று சொல்லியிருப்பார்கள்.

திருவொற்றியூரில் ஐம்பதைத் தாண்டிய ஒருவன் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நின்று வெறும் காற்றில் தூண்டில் வீசுவதற்குக் காரணம் உண்டு. நான் மீன்பிடிக் குடும்பத்து மாப்பிள்ளை. மாமியார் வீடு கடற்கரைக் குப்பத்தில். மனைவியின் தம்பி காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறான். நானோ துறைமுகத்தில் சரக்குக் காகிதங்கள் பார்க்கும் குமாஸ்தா. உலக நாடுகள் அத்தனையும் எனக்குத் தெரியும், கண்டெய்னர் வழியாக.

கல்யாணமான புதிதில் மச்சான் மரியாதைக்காக என்னைப் படகில் கூட்டிப்போனான். துறைமுகத்துக் கல்லணையைத் தாண்டுவதற்குள் வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். படகைத் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வாராவாரம் மச்சான் வீட்டிலிருந்து எங்களுக்குக் குழம்பு மீன் வருகிறது. ஒரு வாரம் சங்கரா, ஒரு வாரம் வவ்வால். வாங்கிவாங்கித் தின்று வளர்ந்த உடம்பு இது. ஒரே ஒரு மீனையாவது நானே பிடித்து மச்சான் கண்ணெதிரே தூக்கிக் காட்டிவிட வேண்டும், அந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாகிவிட வேண்டும் என்பது என் ஆசை. கடலில் அது நடக்காது. பீச்சில் நின்று அலையைப் பார்த்தாலே எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படும்.

அப்போதுதான் இணையத்தில் அந்த விடுதி கண்ணில் பட்டது. மங்கோலியாவில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு ஆற்றங்கரையில், மீன்பிடிக்க வருகிறவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். இரண்டு விமானம் மாறி, அப்புறம் ஒரு குட்டி விமானம், அப்புறம் சாலையே இல்லாத இடத்தில் நாள் முழுக்க ஜீப். அங்கே நடப்பது ஃப்ளை ஃபிஷிங். புழு கிடையாது, இறால் துண்டு கிடையாது. முள்ளின் மேல் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, கயிற்றைத் தலைக்கு மேல் சாட்டை போலச் சுழற்றி, தண்ணீரில் மெதுவாக உட்கார வைக்க வேண்டும். இதைப் பற்றிப் பிரமாதமான இலக்கியமெல்லாம் இருக்கிறது, படித்து முடித்தேன். எனக்குப் பிடித்தது வேறு விஷயம்: ஆற்றில் நின்றுகொண்டே பிடிக்கலாம். படகே வேண்டாம்.

அதற்கான தூண்டில் கழியை வரவழைத்து மாடியில் பயிற்சியை ஆரம்பித்தேன். நைட்டிச் சம்பவத்துக்கு மறுநாள் மச்சான் வந்து பார்த்தான்.

"இன்னா மாமா, காக்கா ஓட்டிகினு கீறியா?"

விஷயத்தைச் சொல்லி, கூட வரக் கூப்பிட்டேன். நான் பிடிப்பதை அவன் பார்க்காவிட்டால் நான் பிடித்ததற்கு அர்த்தமே இல்லை. அவன் யோசிக்கவே இல்லை.

"தடைக்காலத்துல வூட்லதான் குந்திகினு கீறேன். வரேன் மாமா. வளகுடா போறதுக்குன்னு எடுத்த பாஸ்போட்டு வேற சும்மா கீது."

நம் கடற்கரையில் கோடையில் மீன் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகளை அரசு கடலுக்கு விடுவதில்லை, பதிலுக்கு நிவாரணப் பணம் கொடுக்கும். ஆகவே அந்த மாதங்களில் இடம் கேட்டு விடுதிக்கு எழுதினேன். விடுதிக்காரர் வீடியோவில் வந்தார். தாடி, பின்னால் ஒரு குதிரை. எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிறது என்றேன். பொய் இல்லை, மனைவி வழியில் உண்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் என்னை இடித்தான்.

"போட்டு எத்தினி எச்பின்னு கேளு மாமா."

கேட்டேன். படகு கிடையாது, தண்ணீரில் இறங்கி நின்றுதான் பிடிக்க வேண்டும் என்றார்.

"தண்ணில நின்னுகினா? கையால எறா தடவறதுக்கா அம்மாந்தூரம் போறோம்? எண்ணூர் கழிமொகத்துல நம்ம பொம்பளைங்க டெய்லி தடவுறாங்களே!"

மொழிபெயர்க்காமல் சிரித்துவைத்தேன். அடுத்து அவர் சொன்னதை மொழிபெயர்க்காமல் இருக்க முடியவில்லை. பிடித்த மீனைத் தின்னக் கூடாது, எடுத்துப் போகவும் கூடாது. முள்ளை எடுத்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "மாமா, ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்."

நான் பேச்சை மாற்றித் தேதியைச் சொன்னேன். தாடிக்காரர் தலையை ஆட்டினார். அந்த மாதங்களில் அங்கே மீன் முட்டையிடும், பிடிப்பது சட்டப்படி குற்றம் என்றார். இதைச் சொன்னதும் மச்சான் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கியும் தடைக்காலமா! கெவுர்மென்ட்டு நிவாரணம் எதுனா குடுக்குதான்னு கேளு."

கேட்டேன். இல்லை என்றார்.

"பாவம் மாமா இவுங்க."

அந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு அந்த ஊர் மேல் மரியாதை வந்துவிட்டது. நான்தான் காலண்டரைப் புரட்டினேன். அங்கே தடை விலகும் வாரத்தில்தான் இங்கேயும் விலகுகிறது. தடை முடிந்து கிளம்பும் முதல் ஓட்டத்தை எந்தப் படகுக்காரனும் தவறவிட மாட்டான். பெயின்ட் அடித்து, ஐஸ் ஏற்றி, மாலை போட்டு, காசிமேடே திருவிழாவாக நிற்கும். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நீ மட்டும் போய்ட்டு வா மாமா. புடிச்சேன்னு நீ சொன்னா நாங்க நம்பமாட்டமா?"

நம்புவார்கள். அதுதான் பிரச்சினை. படகில் வாந்தி எடுத்த அன்றுகூட எல்லோரும் இப்படித்தான் அன்பாக இருந்தார்கள். கழியை மடக்கிப் பரணில் போட்டேன். நைட்டியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த மனைவிதான் ஒருநாள் நூலைப் பல்லால் கடித்தபடியே வழி சொன்னாள்.

"புரட்டாசில போங்களேன்யா. ஊரே கவுச்சி தின்னாது, மீனுக்கு வெலையும் இல்ல, தம்பி சும்மாத்தான் கெடப்பான். புடிச்சி வுட்றதுக்கு அத விட்டா வேற மாசம் ஏது?"

நான் படித்த புத்தகங்கள் எதிலும், பிடித்த மீனை ஏன் விட வேண்டும் என்பதற்கு இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. மச்சானுக்கும் இது சட்டென்று பிடிபட்டது. "கரீட்டு. வலைல ஆமை மாட்னா வுட்றம்ல, அந்த மாறி." தாடிக்காரரும் அப்போது ஆறு திறந்திருக்கும் என்றார். ஒரே சிக்கல், மாமியார் உத்தரவுப்படி நாங்கள் இருவரும் அங்கேயும் புரட்டாசி விரதம் காக்க வேண்டும். மங்கோலியாவில் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று நான் கேட்டதும் தாடிக்காரர் திரும்பிக் குதிரையைப் பார்த்தார், ஏதோ அதனோடு கலந்து பேசுகிறவர் போல. கடைசியில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எங்கள் பெட்டியில் தூண்டிலைவிட அதிக இடம் பிடித்தன.

போனோம். குளிர் எலும்பைக் கடித்தது. முதல் சில நாட்கள் நான் ஒரு புதரையும், தாடிக்காரரின் தொப்பியையும் பிடித்தேன். கடைசி நாள் சாயங்காலம் கயிறு தானாக ஓடியது. பின்னாலிருந்து மச்சான் காசிமேடு வரை கேட்கும்படி கத்தினான்: "வுடாத மாமா! கயித்த லூசா வுடு! இப்ப இழு!" வந்தது. முழங்கை நீளம், உடம்பெல்லாம் புள்ளி. தூக்கிக் காட்டினேன். மச்சான் போனை எடுத்தான்; குளிரில் அது உயிரை விட்டிருந்தது. மீனைத் தண்ணீரில் இறக்கினேன். வாழ்நாள் முழுக்க மீனைக் கரைக்கு ஏற்றியே பழகியவன், அது கல்லுக்கிடையில் மறைகிறவரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "போய்ட்டு வா" என்றான் அதனிடம்.

படம் இல்லாததால் நான் மீன் பிடித்த சேதி அவன் வாயில் மட்டுமே இருந்தது. ஊர் திரும்பியதும் மாமியார் வீட்டில் கூட்டம் கூடியது. மச்சான் நின்றுகொண்டு சொன்னான். முழங்கை நீளம் கை நீளமானது, பிறகு ஆள் நீளமானது, நான் மறுக்கவில்லை. மாமா தூக்கியபோது அந்தத் தாடிக்காரனே கை தட்டினான் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார் மகனிடம் கேட்டார்: "ஆத்துல தண்ணி எம்மாம் ஆயம்டா?"

"முட்டி வரிக்கும்மா."

"அடப்பாவி, இத மொதல்லியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? மாப்ள முயுகிடப் போறாருன்னு நான் தெனம் அம்மனுக்கு வெளக்கேத்திகினு கெடந்தேன்."